ஓய்வுக்குப் பிறகு குட்டி ரயில்: கூட்டாளிகளோடு ஓட்டுவது எப்படி?

ஓய்வு பெற்ற கையோடு பரணிலிருந்து குட்டி ரயில் செட்டை இறக்கிவிட்டீர்களா? சரி, தனியாளாகத் தண்டவாளம், ஸ்டேஷன் என்று பெரிய தளம் கட்டத் தொடங்காதீர்கள், பாதியிலேயே தூசி படிந்து நிற்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு பலகை எடுத்து அதில் தண்டவாளம் பதித்துக்கொள்ளுங்கள். பலகையின் உயரமும் ஓரத்தில் தண்டவாளம் முடியும் இடமும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், சந்திக்கும் நாளில் கோத்து ஓட்டலாம்.

அளவை முதலிலேயே பேசி முடியுங்கள். 'எச்ஓ' என்றால் 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு; இரண்டு தண்டவாளக் கம்பிகளுக்கு நடுவே 16.5 மி.மீ. 'என்' ஸ்கேல் 1:160, நடுவே 9 மி.மீ. 'என்' இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் விரல் லேசாக நடுங்கும் வயதில் அந்தப் பொடிச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும். நான் எச்ஓ கட்சி.

இன்ஜின் திக்கித் திக்கி நின்றால் உடனே ஸ்க்ரூடிரைவரைத் தூக்காதீர்கள் (நமக்கெல்லாம் கை அரிக்கும், தெரியும்). பெரும்பாலும் அழுக்குதான் காரணம். மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற துடைப்புத் திரவத்தில் நனைத்த துணியை விரலில் சுற்றித் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் தேய்த்தால் துணியில் கறுப்புக் கோடு ஏறும். காய்ந்ததும் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், அடுத்தவர் இன்ஜினைக் கேட்காமல் தொடாதீர்கள். நட்பு முறிவதே இதில்தான்.

யாராவது இரண்டு வாரம் வரவில்லையா? போன் போடுங்கள். முழங்கால் வலி என்றால் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், அவர் பலகையோடு மாட்டி, ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுங்கள்.