பனங்காட்டைத் தாண்டி 5 கிலோமீட்டர் வைஃபை

நெல்லை மாவட்டத்து வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் வீட்டு இணையத்தைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோக 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இரண்டும், 23 டிபிஐ (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறனின் அளவு) டிஷ் இரண்டும் போதும். 5 கிலோமீட்டர் இவற்றுக்குப் பெரிய தூரமில்லை. இடையில் நிற்கும் பனைதான் வில்லங்கம்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போகாது, நடுவழியில் புடைத்துக்கொண்டு போகும். இந்தத் தூரத்துக்கு நடுவில் அந்தப் புடைப்பின் ஆரம் 8 மீட்டர். அதில் 60 சதவீதம், ஏறக்குறைய 5 மீட்டர், வெறுமையாக இருக்க வேண்டும். சமதரையில் 20 மீட்டர் பனை நடுவில் நின்றால் இரு முனையிலும் டிஷ்ஷை 25 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும்; அவ்வளவு உயரக் கம்பத்துக்கு யார் செலவழிப்பது? ஒற்றைப் பனைதான் என்றால் ஒரு முனையை 14 மீட்டர் பக்கவாட்டில் தள்ளுங்கள், நடுவில் பாதை 7 மீட்டர் விலகிவிடும். காற்றாலை இறக்கை சுற்றும் இடத்தையும் தவிருங்கள். சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வேண்டாம். ஆனால் ஆன்டெனாவையும் (டிஷ்) சேர்த்து 36 டிபிஎம் (அலையின் சக்தி அளவு) தான் வரம்பு. டிஷ்ஷின் 23 போக, ரேடியோவை 13 டிபிஎம்-இல் வையுங்கள். வழியில் 122 டெசிபெல் இழப்பு; மறுமுனையில் மைனஸ் 63 டிபிஎம் வர வேண்டும். மைனஸ் 80 காட்டினால் டிஷ்ஷின் நடுக் கதிரை விட்டு, ஓரத்தில் கசியும் பலவீனமான பக்கக் கதிரில் பிடித்திருக்கிறீர்கள், அல்லது மரம் மறைக்கிறது. முழுதாக இடவலம் திருப்பிப் பார்த்த பிறகே நட்டை முறுக்குங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 80-ஐவிட இரைச்சல் 6 டெசிபெல் குறையும்.

சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் படுத்தால் தூர அமைப்பைப் பாருங்கள்; பதிலுக்கு ரேடியோ எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அலை போய்த் திரும்ப 33 மைக்ரோ செகண்ட் ஆகிறது. காத்திருக்கும் நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால், பதில் வரவில்லையே என்று ரேடியோ அதே தரவுப் பொட்டலத்தை மறுபடி அனுப்பும். தூரத்தை 6 கிலோமீட்டர் என்று கொடுங்கள். டிடிஎம்ஏ (இரு முனையும் நேரம் பிரித்து முறைவைத்து அனுப்புவது) வசதி இருந்தால் இன்னும் நல்லது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களுக்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இழுத்தபோது, முறைவைத்து அனுப்பும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள்.

இந்த அலைவரிசையை மழை அவ்வளவாக உறிஞ்சாது, நனைந்த ஓலை உறிஞ்சும். மழைக்கு மட்டும் இணைப்பு விழுந்தால் பாதையில் மரம் இருக்கிறது, இல்லையென்றால் கனெக்டரில் தண்ணீர்.

ஆடிக் காற்றுக்கு வலைக்கம்பி டிஷ்ஷும், மூன்று பக்க இழுகம்பியும் வேண்டும். ரேடியோவுக்கு மின்சாரமும் கேபிள் வழியேதான் போகும், அதனால் முழுச் செம்பு கேபிளே வாங்குங்கள்; அலுமினியத்தில் செம்பு பூசியதில் வோல்டேஜ் இறங்கி ரேடியோ அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். ஐப்பசி இடிக்கு முன் சர்ஜ் புரொடெக்டரை (திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) இரு முனையிலும் மாட்டி எர்த் கொடுத்துவிடுங்கள்.