கீழே சுரங்கம், மேலே வீடு: விரிசல் வருமா என்று கணக்குப் போடுவது எப்படி?

நிலக்கரியை முழுசாக எடுத்துவிட்டுக் கூரையைச் சரியவிடும் லாங்வால் சுரங்கங்களுக்கான கணக்கு இது. எண்கள் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் 1975-இல் வெளியிட்ட கையேட்டு முறைப்படி. வேறு பாறை என்றால் எண்கள் மாறும், வழி மாறாது.

படி 1: பாதிப்பு எல்லை. வெட்டும் ஓரத்திலிருந்து தரைவரை, செங்குத்துக்கோட்டிலிருந்து 35 பாகை வெளிநோக்கிச் சாய்த்துக் கோடு போடுங்கள். ஆழம் 250 மீட்டர் என்றால் 250 × 0.7 (tan 35°) = 175 மீட்டர். அதற்குள் வரும் கட்டடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளே தாராளம். காசு கொடுத்து மென்பொருள் வாங்காதீர்கள்.

படி 2: அதிகபட்ச இறக்கம். வெட்டும் அகலம் ஆழத்தைப்போல 1.4 மடங்கைத் தொட்டால், நிலம் நிலக்கரி அடுக்கின் தடிமனில் 90 சதவீதம் வரை இறங்கலாம். அகலம் குறைந்தால் இறக்கமும் குறையும். நமக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: திரிபு, அதாவது நிலம் மீட்டருக்கு எவ்வளவு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பது. பலரும் இறக்கத்தைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். வீடு மொத்தமும் ஒரே சீராக 1 மீட்டர் இறங்கினால் சுவரில் கீறல்கூட விழாது. உடைப்பது இழுப்பும் நெருக்கலும்தான். வெட்டின் ஓரத்தை ஒட்டிய நிலம் இழுபடும், உள்பக்கம் நெருக்கப்படும். உச்ச இழுதிரிபு (இழுபடுவதால் வரும் திரிபு), தோராயமாக 0.65 × இறக்கம் ÷ ஆழம். அதாவது 0.65 × 1 ÷ 250 = 0.0026, மீட்டருக்கு 2.6 மில்லிமீட்டர்.

படி 4: அதைக் கட்டடத்தின் நீளத்தால் பெருக்குங்கள். 20 மீட்டர் வீட்டுக்கு 52 மி.மீ. இது 30–60 மி.மீ. என்ற 'லேசான' வகை: உள்சுவரில் சின்ன விரிசல்கள், கதவு கொஞ்சம் இறுகும். அதே இடத்தில் 40 மீட்டர் கட்டடம் என்றால் 104 மி.மீ. 60–120 வகைக்குப் போய்விடும்: வெளிச்சுவரிலும் விரிசல் தெரியும், குழாய்கள் உடையலாம். மண் ஒன்றுதான், நீளம்தான் வேறு. 120-க்கு மேல் கடுமை, 180-க்கு மேல் மிகக் கடுமை.

பின்சேர்க்கை: 'வெட்டுக்கு நட்டநடுவில் உள்ள வீடு தப்புமா?' என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். கடைசியில் சீராக உட்கார்ந்துவிடலாம். ஆனால் வெட்டுமுகம் (நிலக்கரியை வெட்டிக்கொண்டே முன்னேறும் முனை) அடியில் கடந்துபோகும்போது முதலில் இழுபடும், அப்புறம் நெருக்கப்படும். திறந்த விரிசல் பாதி மூடிக்கொள்ளும். அதனால் முடிந்தபின் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். வெட்டு வருவதற்கு முன்பே இழைவிரிசல் உட்பட எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, தூண்களை விட்டுவிட்டு வெட்டிய பழைய சுரங்கங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. கைவிட்டுப் பல பத்தாண்டு கழித்தும் தூண் நொறுங்கித் திடீரென்று குழி விழலாம். அங்கே பழைய சுரங்க வரைபடமும் துளையிட்டுப் பார்ப்பதும்தான் வழி.