தை மாதக் காலிப் பாத்தியில் என்ன போடலாம்?

தக்காளி, கத்தரி ஓய்ந்த பாத்திகளில், சேலம் பக்கம் மாசி வெயில் ஏறுமுன் இன்னொரு போகம் எடுத்துவிடலாம். பழைய செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்புழு. அதை அடக்க அங்கே செண்டுமல்லி நடுங்கள்.

மற்ற இடத்தில் சிறுகீரை. சென்டுக்கு 10 கிராம் விதையைப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவி, விளக்குமாற்றால் லேசாக இழுத்துவிட்டால் போதும். ஆழமாக மூடினால் முளைக்காது. குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரே மூலைக்கு ஓடிவிடும், பூவாளிதான் சரி. எறும்பு இழுத்தால் ஓரத்தில் அரிசிக் குருணை தூவுங்கள். 25 நாளில் பிடுங்கலாம்.

பார் (மண் அணைத்த மேடு) ஓரத்தில் முள்ளங்கி ஊன்றி, பத்தாம் நாள் 10 செ.மீ. இடைவெளிக்கு ஒரு செடி விட்டு, மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். மனம் வராதவர்களுக்கு இலைதான் மிஞ்சும்.

மிச்ச இடம் பசுந்தாள் உரச் செடியான சணப்புக்கு: சென்டுக்கு 150 கிராம் விதை. பூவெடுக்கும் 45ஆம் நாள் மண்ணோடு மடக்கி உழுங்கள். தாமதித்தால் தண்டு நாராகி, சீக்கிரம் மட்காது.