பிடித்த ஓவியத்தின் முன் இருபது நிமிடம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. ஒருவர் ஒரு படைப்பின் முன் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடி என்று அது கண்டது. அதற்குள் விவரப் பலகையைப் படித்து, செல்பேசியில் ஒரு படமும் எடுத்துவிட்டால் ஓவியத்துக்கு மிச்சம் எவ்வளவு? இங்கே சொல்லப்போகும் முறை ஒரே ஒரு படைப்புக்கு இருபது நிமிடம் கேட்கிறது. மற்றவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். நீங்கள் தேடிப் போகும் ஓவியம் வேறு ஊர்க் கண்காட்சிக்குப் போயிருக்கலாம், அந்த அறையே மூடியிருக்கலாம். காகிதத்தில் செய்தவை, அதாவது நீர்வண்ணம், கோட்டோவியம், அச்சோவியம் போன்றவை, ஆண்டு முழுக்கச் சுவரில் இருக்காது. ஒளி பட்டு நிறம் வெளிறினால் மீளாது என்பதால் சில மாதம் காட்டிவிட்டுக் கிடங்கில் வைத்துவிடுவார்கள். அவை இருக்கும் அறைகளில் வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) அளவுக்குக் குறைவாக இருப்பதும் அதனால்தான். உள்ளே நுழைந்ததும் கண் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள்.

கையில் ஒரு சிறிய குறிப்பேடும் 2பி பென்சிலும் இருக்கட்டும். மை தெறித்தால் அழிக்க முடியாது என்பதால் பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. முதுகுப்பை வேண்டாம், திரும்பும்போது அது எதில் இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

முதல் அரைமணி நேரம் எதையும் படிக்காமல் அறை அறையாக நடங்கள். கால் தானாக நிற்கும் இடங்களில் அறை எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்ததைத்தான் குறிக்க வேண்டும் என்றில்லை. எரிச்சலூட்டிய ஓவியமும் நல்ல தேர்வு, ஏன் எரிச்சல் என்று யோசிக்க நிறைய இருக்கும். புகழ்பெற்றது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைப் பற்றி ஏற்கெனவே கேட்டதெல்லாம் உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும், கூட்டமும் நிற்கும். மணிக்கணக்கில் மெல்ல நடப்பதும் நிற்பதும் உடம்பைக் களைக்கவைத்துவிடும். ஆகவே தேர்ந்தெடுத்த ஓவியத்திடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் எழுத வேண்டாம், பாருங்கள். இரண்டு நிமிடத்தில் சலிப்பு வரும். பெரும்பாலானோர் நகர்வது அங்கேதான், ஆனால் சின்ன விவரங்கள் கண்ணில் படத் தொடங்குவது அதைத் தாண்டித்தான். தூரத்தையும் மாற்றிப் பாருங்கள். முழு ஓவியமும் ஒரே பார்வையில் அடங்க, அதன் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்பது வசதி. ஒரு மீட்டர் அகல ஓவியத்துக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர். பிறகு தடுப்புக்கோடு அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டே போங்கள். சிகாகோ கலைக்கூடத்தில் ஜார்ஜ் சூரா தீட்டிய ‘கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு’ இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம். கிட்டத்தில் சின்னச் சின்னத் தூரிகைப் புள்ளிகள்தான். பதினைந்து அடி தள்ளிப் போனால் அவையே புல்லும் நிழலும் குடை பிடித்த பெண்ணுமாகச் சேரும். பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், வண்ணம் எங்கே தடித்திருக்கிறது என்று தெரியும். மெருகுப்பூச்சில் விளக்கொளி பளபளத்தால் ஓரடி நகர்ந்தாலே போதும்.

இப்போது பென்சிலை எடுங்கள். பத்து வாக்கியம், கண்ணில் படுவது மட்டும். “அழகு”, “சோகம்” போன்ற சொற்களை இந்தப் பத்தில் சேர்க்காதீர்கள். அவற்றை எழுதிவிட்டால் மனம் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். பதினோராவதாக உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதி, அப்படித் தோன்ற ஓவியத்தில் எது காரணம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். காரணம் கிடைக்கவில்லையென்றால் மறுபடி பாருங்கள்.

அடுத்து மூன்று நிமிடக் கோட்டுப்படம். வரையத் தெரியாது என்பது இங்கே பொருட்டே அல்ல, யாருக்கும் காட்டப்போவதில்லை. முகத்தில் தொடங்கினால் மற்றதற்கு இடம் போதாமல் போகும். முதலில் சட்டகத்தின் நீள அகல விகிதத்தில் ஒரு கட்டம், பிறகு பெரிய இருட்டுப் பகுதிகள், கடைசியில் உருவங்கள். ஓவியர் எதை ஓரத்தில் வெட்டிவிட்டார், எதை வெறுமையாக விட்டார் என்பதைக் கை கண்டுபிடித்துச் சொல்லும்.

விவரப் பலகை இதற்குப் பிறகுதான். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு மாட்ரிட்டின் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் உள்ள பிக்காசோவின் ‘கேர்னிகா’வைச் சொல்லலாம். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கேர்னிகா ஊரின் மீது விமானங்கள் குண்டு வீசியதற்கு எதிர்வினையாக அதே ஆண்டு பிறந்தது, ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம். செய்தியை முதலில் படிப்பவர் குண்டுவீச்சைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டு நகர்வார். கண்ணில் படுவதைப் பட்டியலிட்டவரிடம் அலறும் குதிரை, இறந்த குழந்தையோடு தாய், விளக்கு நீட்டும் கை, கறுப்பு வெள்ளை சாம்பல் ஆகியவை இருக்கும். விமானம் ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் ஓவியத்தில் விமானமே இல்லை. ஏன் இல்லை என்ற கேள்வியோடு அவர் பலகையைப் படிப்பார். பலகை சொல்வது உங்கள் குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால் உங்களுடையதை அடிக்காதீர்கள், இரண்டும் அடுத்தடுத்து இருக்கட்டும். ஓவியர், ஆண்டு, ஊடகம் (எதில், எதனால் வரைந்தது), அளவு, சேர்க்கை எண் (அருங்காட்சியகம் படைப்புக்குத் தரும் பதிவு எண்) ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் பின்னால் தேட உதவும்.

வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கே, இணையத்தில் அந்த ஓவியத்தைத் தேடும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். திரைப்படிமம் நினைவின் மேல் படிந்துவிட்டால் நீங்கள் பார்த்த நிறமும் அளவும் போய்விடும். உருகும் கடிகாரங்களைக் காட்டும் சால்வடோர் டாலியின் புகழ்பெற்ற ஓவியம் வெறும் 24-க்கு 33 செ.மீ., ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. திரையில் இது தெரியவே தெரியாது. எப்படித் தொடங்குவது என்று தயங்கினால் ஓவியத்தில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள், அல்லது சட்டகத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். கவிதையாக வந்தாலும் சரி. ஓவியம் கிளறிய சொந்த நினைவை எழுதும்போது, எந்த மூலை அதைக் கிளறியது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எழுத்து ஓவியத்தை விட்டு வெகுதூரம் போய்விடும்.

சில மாதம் கழித்து அதே ஓவியத்திடம் போக வாய்த்தால் பழைய குறிப்பைப் படிக்காமல் போய், புதிதாகப் பத்து வாக்கியம் எழுதிய பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.