பெரிய குடும்பத்துக்கு வான் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரலில் நுவரெலியா, ஆவணியில் நல்லூர், இடையில் கதிர்காமம் என்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு ஹயர் ஓடுகிறவன் நான். முதல்முறை வான் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஏசி குளிர்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீட்டை எண்ணி ஆளை ஏற்றுவது

"தம்பி, 14 சீட் வான்தானே, நாங்களும் 14 பேர்தான். சரியா வரும்." போனில் இதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அந்த 14இல் டிரைவரின் சீட்டும் சேர்த்தியா என்று கேட்பதில்லை. நடுவழியில் விரித்துப் போடும் மடக்குச் சீட்டையும் எண்ணித்தான் வான்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அதில் தலை சாய்க்க முடியாது, பெரும்பாலும் பெல்ட்டும் இருக்காது. அதை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு வழியும் இல்லை. அம்மம்மா அவசரமாக இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழும்ப வேண்டும்.

சரி, பேக்குகள்? கடைசி வரிசைக்கும் பின்கதவுக்கும் நடுவில் பெரிய சூட்கேஸ் நிற்காது. நுவரெலியா என்றால் ஸ்வெட்டர், போர்வை, ரைஸ் குக்கர் வரை கூடவே வரும். எல்லாம் கூரைக்குப் போகிறது. ஆளுக்கு 60 கிலோ என்றாலே 14 பேர் 840 கிலோ. பேக் ஆளுக்கு 15 கிலோ என்றால் இன்னும் 210. ஒரு டன்னைத் தாண்டியாயிற்று. கூரையில் பாரம் ஏறினால் வளைவுகளில் வான் சாயும்.

ஏறும்போது எஞ்சின் முனகும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினே வானைப் பிடிக்க விட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, பிரேக் ஒயில் கொதித்து, பெடல் பிடிப்பில்லாமல் உள்ளே போய்விடும். பாரம் கூடக் கூட இது சீக்கிரம் நடக்கும்.

இரண்டு வாகனம் எடுங்கள் என்று நான் சொல்லியும் கேட்காமல், வேறொரு வானில் போன குடும்பமொன்றை அந்த இறக்கத்தில்தான் பார்த்தேன். முன் சில்லிலிருந்து புகை, கருகிய நாற்றம். பின் சில்லுக்குக் கல் வைத்திருந்தார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு சில்லை நோக்கிப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது கோணும், வெடிப்பு விழவும் கூடும். தானாக ஆறத்தான் விட வேண்டும். பிள்ளைகள் பயந்துபோய் அந்த வானில் ஏற மறுத்துவிட்டார்கள். அங்கேயே இன்னொரு வான் பிடித்து, கேட்ட காசைக் கொடுத்துத்தான் கொழும்புக்கு வந்தார்கள். மிச்சம் பிடிக்க நினைத்ததைவிடப் பல மடங்கு போயிற்று.

என் கணக்கு இதுதான்: 14 சீட் கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ்) வானில் பேக்குகளோடு பெரியவர்கள் 9 பேர், நெருக்கினால் 10. அதற்கு மேல் என்றால் இரண்டு வான், இல்லையென்றால் ரோசா என்கிற சின்ன பஸ். ரோசா எடுத்தால் எந்த வழியால் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். நேரம் மிச்சம் என்று யார் சொன்னாலும் அந்தப் பாதை வேண்டாம்.

நாள் வாடகையை மட்டும் கேட்பது

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், மேலதிகக் கிலோமீட்டருக்கு எவ்வளவு, மீட்டர் உங்கள் வாசலில் தொடங்குமா அல்லது அவர்களுடைய கராஜிலிருந்தா, ஹைவே காசு யாருடையது, டிரைவரின் பட்டா (அவருடைய நாள் படிக்காசு) எவ்வளவு: எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸைப் பார்க்காமல் விடுவது

சொந்தப் பாவனைக்கு என்று இன்சூரன்ஸ் போட்ட வான்களும் ஹயர் ஓடுகின்றன. விபத்து நடந்தால் கம்பனி கையை விரித்துவிடும். ஹயரிங் என்று போட்டிருக்கிறதா என்று பத்திரத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இரவோடிரவாக யாழ்ப்பாணம்

ஒரே டிரைவரோடு வேண்டாம்.

டிரைவரை வானில் தூங்க விடுவது

நுவரெலியாக் குளிரில் சீட்டில் சுருண்டு கிடந்தவர்தான் காலையில் உங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறக்கத்தில் ஓட்டப்போகிறார். அறை பதிவு செய்யும்போதே அவருக்கும் ஒரு கட்டில் கேட்டு வையுங்கள்.