துணைநூல் பட்டியலில் வனத்துறை தலைகீழாகிறதா?

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களைப் பற்றி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் சேலம் மாணவர்களே, துணைநூல் பட்டியலைக் கையால் டைப் செய்து இரவெல்லாம் கண்விழிக்காதீர்கள், அதைத் தானே தயாரித்துத் தரும் ஜொடேரோ என்ற மென்பொருள் இலவசம்தான், இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கென உள்ள தனி அடையாள எண்ணான டிஓஐ எண்ணைக் கொடுத்தால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

சிக்கல் நம்மூர் ஆவணங்களில்தான். ஆசிரியர் இடத்தில் 'தமிழ்நாடு வனத்துறை' என்று இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போட்டால் அதை ஆள் பெயராக எடுத்துக்கொண்டு 'வனத்துறை, தமிழ்நாடு' என்று பட்டியலில் அச்சாகிவிடும், பார்க்கவே சங்கடமாக இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும், அதில் முழுப்பெயரையும் எழுதுங்கள். சரி, ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு சேலம் மாவட்ட கெசட்டியர்? ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இல்லாத காலத்துப் புத்தகம், தலைப்புப் பக்கத்தைப் பார்த்து நீங்களேதான் நிரப்ப வேண்டும்.

அப்புறம், பட்டியலை வேர்டில் நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த ரெஃப்ரெஷில் அழிந்துவிடும். ஜொடேரோவுக்குள் திருத்துங்கள். கைடு கடைசி நேரத்தில் ஏபிஏ மேற்கோள் பாணி வேண்டாம், எம்எல்ஏ பாணிக்கு மாற்று என்றாலும் டாக்குமென்ட் ப்ரிஃபரன்ஸில் பாணியை மாற்றினால் போதும்.