ரீஃபர் பெட்டிக்கு சோலார் போடும் முன்

போன மாதம் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துறைமுகத்தில் கழித்துவிட்ட நாற்பதடி ரீஃபர் கண்டெய்னர் (குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய சரக்குப் பெட்டி) ஒன்றை வாங்கி இறக்கி, சோலாரில் ஓட்டுகிறார் தோட்டக்காரர். ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் நின்றுவிடுகிறதாம். "பேட்டரியிலதான் ஏமாத்திட்டானோண்ணே?" என்றார். கதவைத் திறந்து ஒரு தக்காளியைக் கையில் எடுத்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே தக்காளியை வைத்துத்தான் பாடம் படித்தேன்.

பேனலில் தூசி துடைப்பது, நிழல் விழாமல் பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு, பலரும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கூரையை அளந்து கணக்குப் போடுவது

நாற்பதடிப் பெட்டியின் கூரை 12.2 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம். 540 வாட் பேனலைக் குறுக்கே படுக்க வைத்தால் பத்து அடங்கும். 5.4 கிலோவாட். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 20 யூனிட் சொச்சம் வரும். உறைந்த மீன் வைத்த நாற்பதடி ரீஃபர் ஒரு நாளைக்கு 70, 80 யூனிட்கூடக் கேட்கும். மீதியைப் பக்கத்துக் கொட்டகையின் மேலோ தரையிலோதான் தேட வேண்டும்.

சூடான சரக்கை ஏற்றுவது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ரீஃபர் என்பது குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கச் செய்த பெட்டி. சூட்டை இறக்குவது அதன் வேலையல்ல. துறைமுகத்தில் முன்பே குளிரவைத்த சரக்கைத்தான் ஏற்றுவார்கள். நாமோ மத்தியான வெயிலில் பறித்ததை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, பெட்டியைக் குறை சொல்கிறோம்.

ஆறு வருடத்துக்கு முன் அன்று நான் ஏற்றியது ஐந்து டன் தக்காளி. காயின் சூடு 34 டிகிரி, வைக்க வேண்டியது 12 டிகிரி. இந்த 22 டிகிரியை இறக்க ஏறக்குறைய 120 யூனிட் அளவு வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பத்தைத் தள்ளும் என்று வைத்தாலும் 60 யூனிட் மின்சாரம். என்னிடம் இருந்தது 20 யூனிட் பேட்டரி. ஏற்றிய நேரம் சாயங்காலம் ஆறு மணி. தக்காளி மூச்சு விடுவதால் அதுவாகவே சூடு கிளப்பும் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நள்ளிரவு தாண்டியதும் கம்ப்ரசர் நின்றது. காலையில் கதவைத் திறந்தபோது வந்த புளித்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. சரக்குக்காரருக்குப் பணம் கொடுத்தேன். அதோடு விட்டேனா? பேட்டரிதான் போதவில்லை என்று கடன் வாங்கி இன்னொரு 20 யூனிட் பேட்டரி வேறு வாங்கினேன்! அடுத்த வாரமும் அதே கதை.

இப்போது அந்த இரண்டாவது பேட்டரி இல்லாமலே ஓட்டுகிறேன். விடியற்காலையில் பறிப்பு. கிரேட்டுகளைக் காற்றோட்டமான நிழலில் பரப்பி, குத்தும் தெர்மாமீட்டரால் காயின் உள்சூட்டைப் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகும். அதுவும் காலை ஒன்பது, பத்து மணிக்கு, பேனல் வேகம் பிடிக்கிற நேரத்தில். ஒரே நாளில் ஐந்து டன் கிடையாது, ஒரு டன்தான். பகலில் 10 டிகிரிக்கு இறக்கி வைத்தால் இரவில் 13 வரை மெல்ல ஏறும். கம்ப்ரசருக்கு வேலை குறைவு. அதாவது பேட்டரியில் சேர்க்க வேண்டியதைச் சரக்கிலேயே சேர்த்துவைக்கிறோம்.

தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். என்னிடம் பேனல் எந்த கம்பெனி என்று கேட்காதவர் கிடையாது. காயின் சூடு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

சிங்கிள் பேஸ் இன்வர்ட்டர்

ரீஃபர் கேட்பது 400 வோல்ட் அளவிலான த்ரீ பேஸ். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நொடியை இன்வர்ட்டர் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கூரையில் துளை போடுவது

போடாதீர்கள். உள்ளே இருப்பது நுரை; தண்ணீர் இறங்கினால் காயவே காயாது. பேனல் ஃப்ரேமைப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் உள்ள இரும்பு வார்ப்புகளில் பிடியுங்கள், பெட்டியின் பலமே அங்கேதான்.

தரையில் சாக்கு விரிப்பது

குளிர்காற்று வருவதே தரைப் பள்ளங்கள் வழியாகத்தான் சாமி.